இருபது சென்டிமீட்டர்

"மறுபடியும் என் இடத்துக்குள்ள வந்துட்ட. இருபது சென்டிமீட்டர் தள்ளிக்கோ. இல்லன்னா உடைச்சுக்கிட்டு வந்துருவேன்."

சாப்பாட்டு மேசையில் கிடந்த கணவனின் போனில் அந்த வரிகள் மின்னி மறைந்தன. ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துக்கொண்டிருந்த இங்வில் அப்படியே நின்றாள். அனுப்பியவள் பெயர் தூவா.

ஸ்டெய்னார் குளித்துவிட்டு வந்தான். போனை எடுத்துப் பார்த்தான். சிரித்தான். பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள் இங்வில். ஞாபகம் வரவில்லை.

"யாரு?"

"ஆபீஸ்தான்" என்று சொல்லிவிட்டு ரொட்டிப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்று கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெரியவருக்குத் தவறான பவரை மாட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி மாட்டினாள். கொஞ்சம் ஆள் குறைந்ததும் தூவாவைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவர்கள் ஊரான பெர்கனிலேயே இருந்த ஒரு குழாய் வடிவமைப்புக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் படம் இருந்தது. சிவப்பு மழைக்கோட்டு, சொட்டச் சொட்ட நனைந்த முடி. நனைந்தும் அழகாக இருந்தாள். அதுதான் பொறுக்கவில்லை. இந்த ஊர் மழையில் இங்வில் நனைந்தால் நனைந்த கோழி மாதிரிதான் இருப்பாள்.

அடுத்த ஒரு வாரத்தில் அவளிடமிருந்து இன்னும் மூன்று செய்திகள் வந்தன. மூன்றாவதை இங்வில் இரண்டு முறை படித்தாள். "உன் கதவைத் திறந்தா நேரா என் மேலதான் வந்து இடிக்குது."

ஞாயிற்றுக்கிழமை, காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"யாரு அந்தத் தூவா?"

"குழாய் டிசைன் பண்றவ. ஏன்?"

"அவளுக்கும் உனக்கும் நடுவுல என்ன இருபது சென்டிமீட்டர்?"

ஸ்டெய்னார் ஒரு நொடி முழித்தான். பிறகு காபியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடி லூசு! அது என் சுவர்டி!"

"எந்தச் சுவர்?"

மடிக்கணினியைத் திறந்து அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தான். திரையில் ஓர் ஆஸ்பத்திரி சுழன்றது. ஊருக்குள் நீண்டு கிடக்கும் ஃபியோர்டு என்ற கடல் கழிக்கு அக்கரையில் இப்போது எழும்பிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரி.

"மண்ணுல கட்டுறதுக்கு முன்னாடி இதுல முழுசா கட்டிப் பாத்துருவோம். சுவர், கதவெல்லாம் எங்க கம்பெனி. குழாயெல்லாம் அவங்க கம்பெனி. எங்க சாஃப்ட்வேர் வேற, அவங்களோடது வேற. முன்னல்லாம் அவங்க ஃபைலை எங்களால திறக்கவே முடியாது. இப்ப எல்லாரும் ஒரே பொது முறையிலதான் எழுதித் தரணும். யாரு வரைஞ்சதையும் யாரு வேணா திறக்கலாம்."

"அதுக்கு?"

"என் சுவர் அவ குழாய் மேல மோதினா, அந்த எடத்துலயே ஒரு குறிப்பை ஒட்டிருவா. எனக்குப் போன்ல வரும். 'தள்ளிக்கோ'ன்னா சுவரைத் தள்ளுன்னு அர்த்தம்."

சாம்பல் நிறச் சுவருக்குள் ஒரு நீலக் குழாய் புகுந்திருந்த பழைய படம் ஒன்றைக் காட்டினான். ஓரத்தில் குறிப்புகள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றின் முன்னும் தூவாவின் பெயர், ஒவ்வொன்றின் முடிவிலும் சரிசெய்தாயிற்று என்று ஒரு பச்சை டிக். மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. அதைப் பார்க்கப் பார்க்க இங்விலின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியது.

"எங்க வேலையில ஒளிவு மறைவே கிடையாதுடி. எல்லாம் திறந்த ஃபைல்" என்றான் அவள் தோளில் கை போட்டபடி.

வெட்கமாக இருந்தது. ஒரு குழாய் மீது பொறாமைப்பட்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்திருக்கிறாளே! அன்று இரண்டு பேரும் சேர்ந்து மீன் சூப் வைத்தார்கள். அதற்குப் பிறகு போன் மின்னினால் அவளே எடுத்து நீட்டினாள். "இந்தா, உன் குழாய்க்காரி கூப்பிடுறா. போய்ச் சுவரைத் தள்ளு!"

மே பதினேழு. தேசிய நாள் ஊர்வலத்தைப் பார்க்க ஊரே தெருவில் நின்றது. அதிசயமாக மழை இல்லை. ஸ்டெய்னார் ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தான். வரிசையில் நின்றபடியே போனைப் பார்த்துச் சிரித்தான். தூரத்திலிருந்து பார்த்த இங்விலுக்கும் சிரிப்பு வந்தது.

பக்கத்தில் கொடியும் ஹாட் டாக்குமாக வந்து நின்றார் ஹல்வார். ஸ்டெய்னாரின் மேலதிகாரி, அந்த ஆஸ்பத்திரியின் கணினி மாடலுக்குத் தலைமை வகித்தவர்.

"ஹல்வார், இன்னைக்காவது எங்க வீட்டு ஆளுக்கு லீவு குடுக்கக் கூடாதா?" என்றாள் அவள், ஐஸ்கிரீம் வரிசையைக் கைகாட்டி. "ஊரே கொண்டாடுது, அவன் பாருங்க, அந்தக் குழாய்க்காரி தூவாவோட நின்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான். ஆஸ்பத்திரிச் சுவரை இன்னும் எத்தன தடவதான் தள்ளுவான், பாவம்!"

ஹல்வார் ஹாட் டாக்கைக் கடிக்காமல் அவளைப் பார்த்தார்.

"எந்தச் சுவரும்மா? அந்த மாடலை முடிச்சு ஒப்படைச்சு ஒரு வருஷம் ஆச்சே!"