முதலில் வந்தவர்

"செத்துப்போச்சு சார்" என்றாள் இன்ஜினியர்.

"மறுபடியுமா?" முதலாளி எழுந்த வேகத்தில் அவருடைய சக்கர நாற்காலி பின்பக்கச் சுவர் வரைக்கும் ஓடிப்போய் முட்டி நின்றது. "காலையிலேருந்து எத்தனை தடவைம்மா சாகும்?"

செத்தது, பக்கங்களை நகல் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டவுடன் நீட்டும் கேஷ் சர்வர். முதலாளி நடத்தும் வரன் தேடும் வெப்சைட்டை வேகப்படுத்துவதற்காக, வாடகைக்கு எடுத்த கிளவுட் மெஷினில், லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் அவள் ஏற்றிக்கொண்டிருந்த மென்பொருள். அது இல்லாவிட்டால் ஒரு பக்கம் திறப்பதற்குள் மாப்பிள்ளைக்குப் பேரன் பிறந்துவிடும்.

இன்று மாலைச் செய்திக்கு நடுவே டிவியில் வெப்சைட்டின் முதல் விளம்பரம். ஊரே ஒரே மூச்சில் உள்ளே நுழையும் நேரத்தில் வெப்சைட் படுத்துவிட்டால் மானம் கப்பலேறிவிடும். அதிலும் வீட்டில் மனைவி தன் தம்பிகள் மூன்று பேரையும் டிவி முன்னால் உட்கார வைத்திருக்கிறாள். கதவுக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும், அப்படிப்பட்ட தம்பிகள்.

"காரணம் தெரிஞ்சுபோச்சு சார். மெஷின்ல இருக்கற மெமரியைவிட இது ஜாஸ்தி கேக்குது. அதான் லினக்ஸே கழுத்தை நெரிச்சுடுது. நீங்கதான் இருக்கறதுலயே சின்ன மெஷினா எடுக்கச் சொன்னீங்க."

"பழங்கதை எதுக்கு? கொறைச்சுக் குடு!"

குறைத்தாள். சர்வர் எழுந்தது, நின்றது, சாகவில்லை. வெப்சைட் மட்டும் பழையபடியே ஆமையாய் நகர்ந்தது.

"உசுரோட இருக்கு, வேலை மட்டும் செய்ய மாட்டேங்குது. என் மச்சானுங்க மாதிரியே!" என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

"லாகின் பண்ணி வர்றவங்க பக்கத்தை இது சேத்து வைக்காது சார், பாதுகாப்புக்காக. இங்க எல்லாரும் லாகின் பண்ணித்தானே வர்றாங்க?"

"எல்லாத்தையும் சேத்து வைக்கச் சொல்லு!"

"வேணாம் சார். மொதல்ல வர்றவருக்குக் குடுத்த பக்கத்தை நகல் எடுத்து வெச்சுக்கிட்டு, அடுத்து வர்றவங்களுக்கும்..."

"பாடம் நடத்தாதம்மா! அங்க செய்தி ஆரம்பிச்சாச்சு!"

அவள் விட்ட பெருமூச்சில் மேசை மேலிருந்த காகிதமெல்லாம் பறந்தது. சேர்த்து வைக்கவிடாமல் தடுத்த இரண்டு வரிகளை நீக்கினாள். சர்வரை மறுபடி கிளப்பினாள்.

"தள்ளு, மொதல்ல நான்தான் பாப்பேன்." முதலாளி போனின் திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு பாஸ்வேர்டு அடித்தார். புதிதாக மை பூசிய மீசைக்குக் கீழே முப்பத்திரண்டு பற்களும் தெரிந்தன. முதல் தடவை பக்கம் கொஞ்சம் யோசித்தது. இரண்டாம் தடவை விரல் படுவதற்கு முன்பே திறந்தது.

அந்த நேரம் பார்த்து விளம்பரமும் வந்தது. இன்ஜினியரின் கணினித் திரையில் கூட்டத்தைக் காட்டும் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியது. சர்வருக்கு ஒரு சொட்டு வியர்க்கவில்லை. முதலாளி நின்ற இடத்திலேயே ஓர் ஆட்டம் ஆடினார்.

இன்ஜினியர் தன் போனில் வெப்சைட்டைத் திறந்தாள். கை கீபோர்டுக்குப் பாய்ந்தது.

"சார், நிறுத்திடறேன்."

"கையை வெச்சே, நடக்கறதே வேற! ஓடட்டும்!"

"சார், வர்றவங்க எல்லாருக்கும் ஒரே பக்கம்தான் போகுது. மொதல்ல உள்ள போனவரோட பக்கம்."

"மொதல்ல போனது யாரு?" என்று கேட்டவர் வாயை மூடுவதற்குள் போன் அலறியது. மனைவி. எடுத்த அவசரத்தில் விரல் எங்கேயோ பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"என்னங்க, வெப்சைட் சும்மா பறக்குது! தம்பிங்க மூணு பேர் போன்லயும் உங்க போட்டோதான். கீழ 'மனைவியை இழந்தவர், மணமகள் தேவை'ன்னு போட்டிருக்கு."

அந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"ஆமா, நான் எப்பங்க செத்தேன்?"