சாப்பிட்டு மூன்று மணி நேரம்

"சாப்பிட்டு இன்னும் மூணு மணி நேரம் ஆகல. உக்காரு" என்றாள் மனைவி எர்சீலியா.

எழுந்த அத்திலியோ மறுபடி கடற்கரைக் குடையின் கீழ் உட்கார்ந்தார். வயது எழுபத்திரண்டு. ஆகஸ்ட் மாத நீச்சல் போட்டியில் எதிரே இருந்த வளைகுடாவைக் குறுக்காகக் கடந்து ஆறு முறை ஜெயித்தவர். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, நனையாத நீச்சல் உடையோடு காத்திருந்தார்.

காவல் மேடையில் இருந்த நெவியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிப்பவர்களைக் காப்பது அவன் வேலை. சாப்பிட்டால் மூன்று மணி நேரம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சின்ன வயதில் அவனையும் அவன் அம்மா மணலில் உட்கார வைத்தவள்தான். இத்தாலியில் அதற்குத் தப்பிய பிள்ளை ஏது? அது வீண் பயம் என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டான்.

எர்சீலியாவின் சாமர்த்தியம் புரிய அவனுக்கு நாலு நாள் ஆயிற்று. ஒன்பது மணிக்கு ரொட்டி. பன்னிரண்டு நெருங்கி, மனுஷர் நீச்சல் கண்ணாடியைக் கையில் எடுக்கும்போது வறுத்த நெத்திலி. மூன்றுக்குச் சற்று முன்னால் பீச் பழம். மறுபடி முதலிலிருந்து மூன்று மணி நேரம்.

சோறு போட்டே சிறை வைக்கிறாள் என்று பக்கத்துக் குடையில் சிரித்தார்கள். அவள் காதிலும் விழுந்தது. அவள் பாட்டுக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர்கள் ஊர் திரும்புகிறார்கள் என்று தெரிந்ததும் நெவியோவுக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டான்.

"அம்மா, ஆபத்தில்லைன்னு வெள்ளைக் கொடி ஏத்தியிருக்கேன். கடல் சாதுவா இருக்கு. ஒரு பத்து நிமிஷம் விடுங்களேன்."

"நீ உன் வேலையைப் பாரு."

"தண்ணியில இறங்கறவங்களைப் பாத்துக்கறதுதாம்மா என் வேலை. நீங்கதான் இவரை இறங்கவே விட மாட்டேங்கறீங்க."

அவள் ஒரு பழத் துண்டைக் கணவர் வாயில் வைத்தாள். பிறகு, நகரக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போனாள்.

இதற்காகவே காத்திருந்த நெவியோ துடுப்புப் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டு ஓடி வந்தான்.

"ஐயா, வாங்க. நீங்க நீந்துங்க. நான் பக்கத்துலயே துடுப்பு போட்டுக்கிட்டு வரேன். அம்மா வர்றதுக்குள்ள திரும்பிடலாம்."

அத்திலியோ கடலையே பார்த்தார். ஆசை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வேண்டாம் தம்பி. இப்பத்தான் சாப்பிட்டேன்."

நெவியோவுக்கு எரிச்சலாகிவிட்டது. "அந்தக் கதையை நீங்களுமா நம்புறீங்க? இல்ல, பொண்டாட்டிக்கு அவ்வளவு பயமா?"

அவர் கோபப்படவில்லை. காபிக் கடைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் தனியா நீந்திப் போனேன். நடுவுல திடீர்னு கரை எந்தப் பக்கம்னே தெரியல. மீன்பிடிப் படகுதான் தூக்கிட்டு வந்துச்சு. அதுவரைக்கும் ரெண்டு மணி நேரம் அவ இடுப்பளவு தண்ணியில நின்னு என் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டிருந்தா. மறதி நோய் ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டர் சொன்னார். உனக்கு இனிமே கடல் கிடையாதுன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு மனசு வரல. அதான் ஊட்டுறா."

நெவியோ போய்ப் படகைத் திரும்பக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

"அன்னிக்கு நடந்ததையும் நான் மறந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா, தம்பி. ஞாபகம் இருக்குன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."