ஆறு மணிக்குள் ஒரு பிட்சர்

“கஞ்சன், ரே! கடைஞ்செடுத்த கஞ்சன்!”

வானொலியில் கத்திக்கொண்டிருந்தது நான்தான். நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. என் கடையில் மதியக் கூட்டம். மாட்டிறைச்சி சாண்ட்விச்சுக்கு வரிசையில் நின்றவர்கள் பசியை மறந்து என்னையே பார்த்தார்கள்.

பஃபலோ நகரத்தில் என் அளவுக்கு பேஸ்பால் தெரிந்தவன் கிடையாது. இது என் கருத்து. என் மனைவி இதுபற்றி இதுவரை கருத்து எதுவும் சொன்னதில்லை.

“கோவப்படாதீங்க, லென்,” என்றார் நிகழ்ச்சி நடத்தும் ரே. “டீம் ஓனர் விட்டேக்கரோட நிலைமையையும் பாருங்க. ஆட்டக்காரங்களோட மொத்தச் சம்பளம் லீக் போட்ட கோட்டைத் தொடப் போகுது. இன்னும் மூணு லட்சம் டாலர்தான் இடம் இருக்கு. தாண்டினா லீக்குக்கு ஆடம்பர வரின்னு அபராதம் கட்டணும்.”

“கட்டட்டுமே! நமக்குப் பந்து வீசற பிட்சர் ஒர்டேகாவுக்குத் தோள் போயிடுச்சு. லீக் கெடு வச்சபடி இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வேற ஒரு பிட்சரை மாத்தி வாங்கலேன்னா இந்த சீசனே அம்பேல். போர்ட்லாண்டு டீம்காரன் நல்ல இடதுகை ஆளைத் தர்றேங்கறான். இவரு என்ன பண்றாரு? ‘பதிலுக்கு ரெண்டு இளவட்ட ஆட்டக்காரங்களைத் தர்றேன், ஆனா அவன் சம்பளத்துல முக்கால்வாசியை நீங்களே குடுத்துடுங்க’ன்னு பேரம் பேசுறாரு. ஓசியில பிட்சர் கேட்டா எவன் குடுப்பான்?”

வரிசையில் சிரிப்பு. எனக்கு இன்னும் சூடேறியது.

“தோள்பட்டை கிழிஞ்சு ஒருத்தன் துடிக்கிறான். இவருக்குக் கோடுதான் முக்கியம்! மனுஷன் பெருசா, கோடு பெருசா, ரே?”

கைதட்டல். லேசாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். “இவனை டீமுக்கு மேனேஜரா போடணும்யா,” என்றான் தினமும் வரும் சக். மறுக்க மனம் வரவில்லை.

போனை வைத்ததும் பின்னாலிருந்து டோரின் வந்தாள். கறி நறுக்குபவள், பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிறாள். காகிதம் மாதிரி மெல்லிசாக நறுக்குவாள். ஒரு மாதமாகத் துண்டுகள் தடிமனாக வருகின்றன என்று புகார்.

“லென், ஒரு நிமிஷம். அந்த விஷயம்...”

“எந்த விஷயம்?”

“வாரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேலை போட்டுத் தாங்கன்னு கேட்டேனே. முப்பது மணி நேரம் ஆச்சுன்னா சட்டப்படி நீங்க மருத்துவ இன்சூரன்ஸ் குடுத்தாகணும்ல? இந்த வலது தோளைத் தூக்கவே முடியலை. இடது கையாலதான் நறுக்கறேன். ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. கைக்காசு போட்டு எடுக்க எனக்கு வழியில்லை.”

“டோரின், நான் என்ன கல்நெஞ்சக்காரனா? ஆனா யோசிச்சுப் பாரு. நாலு கடை, எழுபது பேரு. எல்லாரையும் இருபத்தொன்பதுல நிறுத்தி வச்சிருக்கேன். உனக்கு ஒண்ணு கூட்டினா, நாளைக்கு எழுபது பேரும் வந்து நிப்பாங்க.”

“ஒரு மணி நேரம்தானே, லென்?”

“வீட்டுக்குப் போய் ஐஸ் வை. ஒர்டேகாவுக்கும் அதைத்தான் சொல்லியிருக்காங்க.”

ஒர்டேகாவின் தோளில் எந்தத் தசைநார் கிழிந்தது, எத்தனை மில்லிமீட்டர் கிழிந்தது என்பதுவரை எனக்கு அத்துப்படி.

அவள் இடைவேளைக்குப் போனாள். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

இரண்டு பேர் விட்டேக்கரைத் திட்டி முடித்தார்கள். மூன்றாவதாக ஒரு பெண் குரல்.

“பேரு வேண்டாம், ரே. நீங்க எல்லாரும் அவரைத் திட்டறீங்க. நான் வேலை பாக்கற இடத்துலயும் ஒரு கோடு இருக்கு...”

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. டோரின்! கதவைச் சாத்திக்கொண்டு சரக்கறையிலிருந்து பேசுகிறாள்! பின்கட்டிலேயே நிற்பவள் குரலை வாடிக்கையாளர்கள் எங்கே கேட்டிருக்கிறார்கள்? கடையில் அது யாரென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இருபத்தொன்பது மணி நேரம், தோள், ஸ்கேன் எல்லாவற்றையும் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

“யாரும்மா அந்த முதலாளி?” ரே கொதித்தார். “பேரைச் சொல்லுங்க, ஒரு கை பாத்துடலாம்!”

என் கை வானொலியை அணைக்கப் போனது.

“வேண்டாம், ரே. பேரு வெளிய வந்தா கடைக்குக் கூட்டம் குறையும். அப்புறம் இருக்கற இருபத்தொன்பதும் போயிடும்.”

அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆமாம், முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் வந்து சேர அரை நிமிடம் ஆனது.

“நேயர்களே, இந்த ஆளை என்ன பண்ணலாம்? போன் பண்ணுங்க!”

மொத்த வரிசையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு உயிரே போய்விட்டது.

“லென், நீ பேசு!” என்றான் சக். “இவனையெல்லாம் நீதான் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கணும்!” அவனே எண்ணை அழுத்தி, போனை என் கையில் திணித்தான்.

டோரின் சரக்கறையிலிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. வலது கையைத் தொங்கவிட்டபடி, இடது கையால் கத்தியை எடுத்துக்கொண்டு தன் பலகைக்குப் போனாள்.

இந்தத் தடவை லைன் உடனே கிடைத்துத் தொலைத்தது.

“லென்! நீங்க விடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்! அந்தப் பொண்ணு பேசினதைக் கேட்டீங்கல்ல? சொல்லுங்க!”

டோரினின் பலகைப் பக்கம் திரும்பினேன்.

“அந்த முதலாளிதான் பேசறேன், ரே.”