சிந்தனைக் கூடம்

"சீட்டுல உக்காந்தா எனக்கு ஐடியா வராதுங்க சார். குளிக்கறப்பத்தானுங்க வரும்."

விளம்பர வாசகம் எழுதுகிற சசிதர் இதை மிகுந்த பணிவோடுதான் சொன்னான். விளம்பரக் கம்பெனி முதலாளி சென்னகேசவனுக்குப் பகீரென்றது. ஆனைமலைத் தேங்காய் எண்ணெய்க்காரர் மாசக் கடைசி வரை கெடு கொடுத்திருந்தார். அதற்குள் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு விளம்பரம் கிடைக்காவிட்டால் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அவர் போனால் இந்த ஆர்.எஸ்.புரம் ஆபீசைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

"அப்ப ஊட்டுல குளிச்சுப்போட்டு, யோசிச்சுட்டு வாப்பா."

"வர்ற வழியில ஆவியாயிருதுங்க. துடியலூர் எங்க, ஆர்.எஸ்.புரம் எங்க? கவுண்டம்பாளையம் தாண்டறதுக்குள்ள பாதி போயிருதுங்க."

பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் குளிக்கும்போதுதான் ஐடியா வருமென்று சென்னகேசவனும் செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். ஒரே வாரத்தில், பழைய சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்து, டைல்ஸ் ஒட்டி, ஷவர் வைத்துவிட்டார். கதவில் 'சிந்தனைக் கூடம்' என்று போர்டு மாட்டினார். 'குளியலறை' என்று போட்டால் ஆடிட்டர் கேள்வி கேட்பார்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் சசிதர் தோளில் ஒரு பெரிய பையோடு சிந்தனைக்குள் போய்விடுவான். உள்ளே பாட்டு கேட்கும். ஐடியா ஈரம் காய்வதற்குள் பிடித்துக்கொள்ள, வாசலில் சென்னகேசவன் பேப்பரும் பேனாவுமாக நிற்பார்.

"வந்துச்சாப்பா?"

"பாதி வந்துருக்குங்க. 'தலை இருந்தால், எண்ணெய் வை.'"

"மீதி?"

"நாளைக்குக் குளிக்கணுமுங்க."

கெடு நெருங்கிவிட்டது. டிசைனர் ரூபினா அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சார், நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. சசியோட பையைக் கவனிச்சீங்களா? காலையில வர்றப்பத் தொளதொளன்னு இருக்கு. சாயங்காலம் போறப்ப ஆளே ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்கறாரு."

"அப்படி என்னத்தக் கொண்டு போறான்?"

"நமக்குப் பாதிப் பாதியாத்தான் ஐடியா வருது. மீதிப் பாதியெல்லாம் எங்க சார் போகுது?"

சென்னகேசவனுக்குச் சுருக்கென்றது. காந்திபுரத்தில் புதிதாக ஒரு விளம்பரக் கம்பெனி கிளம்பியிருந்தது. என் ஷவரில் குளித்துவிட்டு, ஐடியாவைக் கொண்டுபோய் அவர்களுக்கா விற்கிறான்?

அன்று சாயங்காலம் சசிதரின் பைக்குக்குப் பின்னாலேயே காரை விட்டார். பைக் காந்திபுரம் பக்கமே திரும்பவில்லை. நேரே துடியலூரில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றது. பையை உள்ளே வைத்துவிட்டு அவன் மறுபடி எங்கோ கிளம்பினான். இதுதான் சமயமென்று இவர் இறங்கிப் போய் காலிங் பெல்லை அழுத்தினார்.

கதவைத் திறந்தது சசிதரின் மனைவி வரலட்சுமி. இவரை முன்னே பின்னே பார்த்தவள் இல்லை.

"சசியோட ப்ரெண்டு, அம்மணி," என்றார்.

"வாங்கண்ணா, உக்காருங்க. பால் வாங்கப் போயிருக்காருங்க, இப்ப வந்துருவாரு. மொதல்ல தண்ணி குடிங்க."

சோபா மேலேயே இருந்தது அந்தப் பை. சென்னகேசவனால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வரலட்சுமியே வந்து அதன் ஜிப்பைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெரிய கேனைத் தூக்கி, டம்ளரில் சாய்த்து அவரிடம் நீட்டினாள்.

குடித்தார். கோயமுத்தூர்க்காரர் நாக்கு ஏமாறாது.

"சிறுவாணித் தண்ணியாச்சே! இங்கயும் வருதா அம்மணி?"

"எங்கீங்கண்ணா! எங்க வீதியில பைப்பு ஒடஞ்சு ரொம்ப நாளாக் காத்துதான் வருது. இவங்க முதலாளி தங்கமான மனுசனுங்க. ஊட்டுல தண்ணி இல்லீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு, ஆபீஸ்லயே குளிக்கறதுக்கு ரூம் கட்டிக் குடுத்துட்டாருங்க. இவரும் குளிச்சுப்போட்டு, எங்களுக்குக் குடிக்கவும் பிடிச்சுட்டு வந்தர்றாரு."

மூலையில் மலையாய்க் குவிந்திருந்த அழுக்குத் துணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"தொவைக்கறதுக்குத்தானுங்க இன்னும் ஐடியா வரல. அதுவும் நாளைக்குக் குளிக்கறப்ப வந்துருமுன்னு சொல்லியிருக்காருங்க."