இகுவானாவுக்கு இருபத்திரண்டு டிகிரி

“என்ரை பிள்ளை மூண்டு கிழமையா இழுத்து இழுத்து இருமுறாள், ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. ஒரு ஓணானுக்குக் குளிருமெண்டு கடிதம் எழுதியிருக்கிறா உந்த ரீச்சர்!”

சச்சிதானந்தன் கடிதத்தை மேசையில் அறைந்தார்.

மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே, விளக்குக்கு அடியில், பச்சை இகுவானா ஒன்று கண்ணை மூடிக் கிடந்தது. மகள் நிலக்சியின் வகுப்பில் வளர்வது. பெயர் ரெக்ஸ். தொண்ணூற்று மூன்று டிசம்பரில் நத்தார் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்ட, இரண்டு கிழமைக்கு நிலக்சி பார்த்துக்கொள்ளட்டும் என்று கிளடிஸ் ரீச்சரே காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

“கத்தாதேங்கோ, அது பயப்படப் போகுது,” என்றாள் மனைவி புனிதவதி. வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தாள்.

“அப்பா, ரெக்ஸுக்கு கோல்ட் பிளட். நாங்கள்தான் வாமா, சூடா வைச்சிருக்கோணும்,” என்ற நிலக்சிக்கு மறுபடி இருமல் வந்தது.

புலம்பெயர்ந்து வந்திருந்த மல்வேர்னில், அந்த மாடிக் கட்டடத்தில் வீடுகளைச் சூடாக்கும் ஹீற்றிங் நின்று மூன்று கிழமை. “திருத்தப் பாட்ஸ் வரவேணும்” என்பதே கட்டடத்தைப் பார்க்கும் அல்பேட்டின் ஒரே பதில்.

சச்சிதானந்தன் ஊரில் மூன்று வேலைநிறுத்தங்களை நடத்தியவர். சும்மா இருப்பாரா? ஹீற்றிங்கைத் திருத்தச் சொல்லி, எல்லாரும் கையெழுத்திட ஒரு மகஜர் எழுதினார். கதவு கதவாகத் தட்டினார்.

“அண்ணை, என்ரை அகதி கேஸ் இன்னும் முடியேல்லை. கையெழுத்தெண்டால் என்னை விடுங்கோ,” என்றான் பக்கத்து வீட்டுச் செல்வரட்ணம்.

“குளிருக்குப் பயமில்லை, பேனைக்குப் பயமோ?”

“உங்களுக்கென்ன, உங்களுக்கு அகதிப் பேப்பர் கிடைச்சிட்டுது.”

நாற்பது கதவு தட்டியும் மகஜரில் ஒரே ஒரு கையெழுத்துத்தான் இருந்தது. அவருடையது. அல்பேட் அதைப் பார்த்துவிட்டு, “நாற்பது வீட்டில் உனக்கு மட்டும்தான் குளிர்கிறது போல,” என்று சிரித்தான்.

இப்போது, ரெக்ஸின் பெட்டியோடு வந்த இந்தக் கடிதம்.

‘இந்தப் பிராணி பள்ளிக்கூடத்தின் உடைமை. இது இருக்கும் வீட்டின் சூடு இருபத்திரண்டு டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்து இதற்கு ஏதும் நேர்ந்தால் கட்டட நிர்வாகமே பொறுப்பு. திங்கட்கிழமை மிருகநல அதிகாரி வந்து அளந்து பார்ப்பார்.’

“உதைக் கொண்டுபோய் அல்பேட்டிட்டைக் குடுங்கோ,” என்றாள் புனிதவதி.

“மனிசருக்கு மகஜர் எழுதின கை இது. பல்லிக்குத் தூதுபோகாது.”

“அப்ப நான் போறன்.”

போனாள்.

அடுத்த நாள் காலை இரண்டு பேர் கருவிப் பெட்டியோடு நிலவறைக்குள் இறங்கினார்கள். மத்தியானம் குழாய்கள் முக்கி முனகின. பின்னேரம் கட்டடம் முழுவதும் வெக்கை பரவியது.

அல்பேட் தானே மேலே வந்தான். கையில் வெப்பமானி.

“இருபத்து மூன்று! ரெக்ஸ் எப்படி இருக்கிறான்? சாப்பிடுகிறானா?”

பக்கத்தில் நின்று நிலக்சி இருமினாள். அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றிலிருந்து ரெக்ஸைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செல்வரட்ணம் ஒரு பிடி கீரையோடு வந்தான்.

“பாத்தியளே அண்ணை? இவருக்குப் பேப்பரும் இல்லை, கேஸும் இல்லை. வந்த கையோட வேலையை முடிச்சிட்டார்.”

“வன்னிக் காட்டிலை கண்டிருந்தால் நீ இவரை உடும்பெண்டு கறி வைச்சிருப்பாய்.”

“சும்மா இருங்கோ அண்ணை, அவருக்குக் கேக்கப் போகுது.”

புனிதவதி கீரையைக் கழுவி, கிள்ளி வைத்தாள். “எங்களுக்கு வெக்கை வாங்கித் தந்த மகராசன். வடிவாச் சாப்பிடு ராசா.”

நாலாம் நாள் நிலக்சியின் இருமல் நின்றது. அவள் கோட்டில்லாமல் நித்திரை கொள்வதைச் சச்சிதானந்தன் கதவடியில் நின்று பார்த்தார். நன்றி நெஞ்சு முட்ட வந்தது. ஆனால் அதை ஒரு ஓணானுக்குச் சொல்லவேண்டி வந்ததே என்பது முள்ளாகக் குத்தியது.

திங்கட்கிழமை ஒருவரும் அளந்து பார்க்க வரவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போனார். இரண்டு கிழமையாக மனதுக்குள் திருத்தி வைத்திருந்த ஆங்கிலத்தில் கேட்டார்:

“ரீச்சர், உங்கள் ரெக்ஸால் என் மகள் சுகமானாள். அவனுக்கு நன்றி. ஆனால் ஒரு கேள்வி. இவனுக்குக் குளிரும் என்று தெரிந்த உங்களுக்கு, உங்கள் வகுப்புப் பிள்ளைக்குக் குளிரும் என்று தெரியவில்லையா?”

கிளடிஸ் ரீச்சர் கோபிக்கவில்லை.

“தெரியும். நிலக்சி வகுப்பிலும் கோட்டைக் கழற்றாமல் இருந்தாள். ஏன் என்று கேட்டேன், சொன்னாள். உங்கள் அல்பேட்டுக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். பிள்ளைகளுக்குக் குளிர் பழகிவிடும் என்றான்.”

“அதனால் இவனையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தீர்களாக்கும்.”

“இவனையா? பெட்டிக்குள் விளக்கு எரியும்வரை இவனுக்குக் குளிரவே குளிராது.”

சச்சிதானந்தன் புரியாமல் பார்த்தார்.

“அப்படியென்றால், அளந்து பார்க்க வருவதாக எழுதிய அதிகாரி?”

“நான் ஒருவரையும் கூப்பிடவில்லையே.”

ரீச்சர் ரெக்ஸை மெதுவாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“ஆறு வருடமாக நத்தாருக்கு இவனை நான்தான் என் வீட்டுக்குக் கொண்டுபோவேன். இந்த முறைதான், சூடில்லாத வீடு ஒன்று பார்த்துக் கொடுத்தேன்.”