பதினோரு சொத்தை

ஏழாவது டம்ளரையும் வில்மா ஒரே மூச்சில் குடித்தாள். ஜனவரி மாதத்துக் குழாய்த் தண்ணீர் பல்லில் ஊசியாக இறங்கியது. முகம் சுளிக்காமல் விழுங்கினாள்.

"போதும்டி, மிஷிகன் ஏரியே வத்திடப் போவுது!" பள்ளிக்கூடத்துப் பல் பரிசோதனை வரிசையில் நின்ற தோழி ஜோஹானா கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். வில்மாவும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். கையை எடுத்துவிட்டு அவள் சிரித்து இரண்டு வருடமாகிறது.

அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது டீச்சர் சொன்னார். "குழாய்த் தண்ணியில ஃப்ளூரைடு கலந்தா பல்லு சொத்தையாகாதாம். அந்த ஆராய்ச்சிக்கு நம்ம ஊரையும் எடுத்திருக்காங்க, பிள்ளைங்களா!"

இப்போது வயது பதினாலு. இந்த ஆறு வருடத்தில் வாயெல்லாம் கறுத்துவிட்டது. மற்றவர்கள் வாயை எட்டியா பார்க்க முடியும்? ஊருக்கே பலித்தது தனக்கு மட்டும் பலிக்கவில்லை என்றே நினைத்திருந்தாள்.

காரணமும் அவளுக்குத் தெரியும். அப்பா சரக்குக் கப்பலில், அம்மா இரவு ஷிஃப்டில். சாயங்காலம் ஆனால் அந்த வீட்டில் அவளுக்குத் துணை கேரமல் மிட்டாய்தான். போன இரண்டு வருடமும் பரிசோதனை நாளில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். இந்தத் தடவை அம்மா விடவில்லை.

"அடுத்து! வில்மா டிக்ஸ்ட்ரா!"

உடற்பயிற்சிக் கூடத்தின் நடுவில் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு விளக்கு. குறிப்பெழுதும் அம்மாள் தலை நிமிராமல் கேட்டாள். "பொறந்ததுலேர்ந்து இதே ஊரா? பக்கத்துல வெஸ்ட்பெரியில கொஞ்ச நாள் தங்கியிருக்கியா?"

"இல்லங்க."

"நல்லது. தங்கியிருந்தா உன் பல்லு எங்க கணக்குல சேராது."

பல் டாக்டர் ஹேவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டார். "மேல் வலது ஆறாம் பல், சொத்தை. ஏழு, சொத்தை." பேனா கீறிக்கொண்டே போனது. "கீழ் இடது... மொத்தம் பதினொண்ணு."

பதினொன்று! இந்த ஒரு வாயைப் பார்த்துவிட்டு, ஃப்ளூரைடே உதவாது என்று எழுதி நிறுத்திவிட்டால்? ஊர்க் குழந்தைகள் பல்லெல்லாம் தன்னால் அல்லவா போகும்!

"சார், என்னைக் கணக்குல சேக்காதீங்க சார்!" அவள் வெடித்தாள். "தண்ணி மேல தப்பில்ல. நான்தான் திருட்டுத்தனமா மிட்டாய் தின்னேன். தெனமும். யாருக்கும் தெரியாது. அதுக்குப் பரிகாரமா தெனம் எட்டு டம்ளர் தண்ணியும் குடிக்கிறேன் சார், கேக்க மாட்டேங்குது. உங்க ஆராய்ச்சியையே நான் கெடுத்துட்டேன்."

பேனா நின்றது. டாக்டர் அந்த அம்மாளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ ஒண்ணையும் கெடுக்கலம்மா," என்றார் டாக்டர். "வெஸ்ட்பெரி தண்ணியிலதான் கலக்குறோம். ஒப்பிட்டுப் பாக்க, கலக்காத ஊரு ஒண்ணு வேணும்ல?"

"ஆமா சார். அது எந்த ஊரு?"

"உங்க ஊரும்மா."