கல்லின் பின்பக்கம்

இப்போதெல்லாம் எதைக் கட்டினாலும் ரிப்பன் வெட்டக் கூட்டம் வருகிறது, புல் வெட்ட ஆளில்லை. இந்த முணுமுணுப்போடுதான் கிழவர் ஆர்வில் நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர்க்கூடத்துக்குள் நுழைந்தார்.

"படைவீரர் கல்லறைத் தோட்டம் கட்ட வாஷிங்டன் பணம் தருது சார். பராமரிப்பு மட்டும்தான் நம்ம மாநிலத்துது. ஆதரவுக் கையெழுத்து போடுங்க" என்றாள் அதிகாரி கார்லா.

"வருஷா வருஷம் பராமரிப்பீங்களாக்கும்!"

"இந்தத் தோட்டம் இல்லேன்னா இருநூறு மைல் தள்ளிப் போய்ப் படுக்கணும். உங்களுக்கும் இங்க இலவசமா இடம் உண்டே."

"புருஷன் பொண்டாட்டி சேர்ந்தா?"

"ஒரே குழி, ஒரே கல்லு. படைவீரர் பேரு முன்பக்கம், துணையோட பேரு பின்பக்கம்."

ஆர்வில் பேனாவைக் கீழே வைத்தார். "பின்பக்கமா? அதெல்லாம் ஆகாதும்மா."

"மனைவி மேல அவ்வளவு பாசமா சார்! அவங்க பேரும் முன்னால வரணுமா?"

"அவளுக்கென்ன, அவதான் சார்ஜென்ட்! தட்டைப் பாதம்னு பட்டாளத்து வாசல்லயே என்னைத்தான் திருப்பி அனுப்பிட்டான். அம்பது வருஷமா வீட்டுல அவ பின்னாலதான் நிக்கிறேன். அங்கயுமா?"

வெளியே வண்டியிலிருந்து சார்ஜென்ட் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

ஆர்வில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். "என் பேரும் முன்பக்கம் வரணும்னு எழுதிக்கோ."

"கேட்டுப் பாக்கறேன் சார்."

"கேக்க மாட்டே" என்றபடி வண்டியை நோக்கி நடந்தார்.